சத்தமில்லாமல் திறந்த கத்தி

பார்சல் பிரிக்க என் மகன் புது மடக்குக்கத்தியை ஒரே உதறலில் திறந்தான். சடக். அந்தச் சத்தத்தில் எனக்கு மேனாம்பேட்டில் சித்தப்பா வைத்திருந்த எருமைக் கொட்டகையின் வாசனையே வந்துவிட்டது.

சித்தப்பாவின் கத்தியும் சடக்கென்று திறக்கக்கூடியதுதான். ஆனால் அவர் அதை நகத்தால் நெம்பி, மறுகை விரலால் தாங்கி, மெல்ல மெல்லத்தான் விரிப்பார். பத்து வயதில் எனக்கு அதைப் பார்க்கவே பொறுக்காது.

ஒருநாள் சினை எருமை கழுத்துக்கயிறு இறுகி, கண் பிதுங்கக் கிடந்தது. சித்தப்பா அதன் பக்கத்தில் மண்டியிட்டு, கத்தியைத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்து, எப்போதும்போல மெதுவாகத் திறந்தார்.

"இன்னாயா நீ, சாவப் போவுது. சீக்கிரம் தொற," என்றாள் சித்தி.

"சத்தம் கேட்டா மெரண்டு இழுக்கும். இன்னும் இறுகிடும்," என்றார், எருமையிடம் பேசுகிற குரலில்.

கயிறு அறுந்தது. எருமை நீளமாக மூச்சு விட்டது. அவர் ஒரு கையால் அதன் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். மறுகையால், மடக்கச் சொல்லிக் கத்தியை என்னிடம் நீட்டினார்; சத்தம் வராமல் மடக்கினேன்.

மகன் பெட்டியைப் பிரித்துவிட்டுக் கத்தியை மேசையில் போட்டுப் போனான். எடுத்து, அன்று போலவே சத்தம் வராமல் மடக்கினேன். பக்கத்தில் ஏதோ பெரிதாக மூச்சு விடுவது போலிருந்தது.