தாத்தாவால் பேச முடியாதாம்

பேச்சு, செவித்திறன் குறைபாடுகள் பற்றிய கோடைகால ஆராய்ச்சிப் பயிற்சிக்குப் பேத்தி விண்ணப்பிக்க, இன்று அவளுடன் தக்கலை நெட் சென்டருக்குப் போனேன்.

படிவத்தில் "இந்தத் துறை ஏன்?" என்ற கேள்விக்கு, "என் தாத்தாவால் சரியாகப் பேச முடியாது" என்று தட்டினாள்.

எனக்குக் கோபம் வந்தது. "ஏட்டி, நான் பே... பே..."

"பேசுவேன்னு சொல்லுகாரு," என்று கடைக்காரர் முடித்து வைத்தார். திக்குவாயனுக்குச் சின்ன வயதிலிருந்தே ஊரார் செய்யும் உபகாரம் இது.

"அண்ணே, தாத்தா முடிக்கட்டும்," என்றாள் பேத்தி.

முடித்தேன். "பேசுவேன். கேக்கதுக்குத்தான் ஒருத்தனும் நிக்க மாட்டான்."

அவள் அந்த வரியை அழித்துவிட்டு, "திக்கிப் பேசுபவர் முடிக்கும்வரை கேட்பவர்கள் ஏன் பொறுப்பதில்லை என்று ஆராய வேண்டும்" என்று எழுதி அனுப்பினாள்.

இடம் கிடைக்கும் என்றே நினைக்கிறேன். நீங்களும் சொல்லுங்கள். இங்கே, எழுத்தில், நான் முடித்த பிறகுதானே உங்களால் வாய் திறக்க முடியும்!