பூச்சியக்கா போட்ட கையெழுத்து

பூச்சியக்காவுக்கு யாரிடமும் முகத்தில் அடித்தாற்போல் 'முடியாது' என்று சொல்ல வராது. அவர் கெட்டதே அதனால்தான் என்பேன். பூ ஏற்றுமதிக் கொட்டகையில் பதினோரு வருஷம் அவருக்கு எதிர் மேசையில் நின்று ரோஜாக் கட்டு கட்டியவள் நான். எனக்குச் சொல்ல உரிமை உண்டு.

அக்காவின் வேலை பூவைத் தட்டுவது. கட்டுகளை ஓர் அறையில் அடைத்து மருந்துப் புகை போடுவார்கள். எவ்வளவு ஒழுங்காகப் போட்டாலும் மொட்டின் மடிப்புக்குள் சில பூச்சி தப்பித்துவிடும். பிறகு ஒரு நாள் குளிர் அறை. அதன்பின் பத்துக்கு ஒரு கட்டாக எடுத்து, வெள்ளைப் பலகைமேல் தலைகீழாகப் பிடித்து அக்கா தட்டுவார். நகக்கண் அழுக்கைவிடச் சின்னதாக இலைப்பேன் நாலைந்து விழும். குளிரில் விறைத்ததால் உயிருள்ளதும் செத்ததுபோலவே கிடக்கும். பலகையைச் சூடான பல்புக்கடியில் கால்மணி நேரம் வைக்க வேண்டும். ஒரு கால் அசைந்தாலும் சரக்கு மொத்தமும் திரும்பப் புகைக்குப் போகும். அசையாவிட்டால் அக்கா கையெழுத்துப் போடுவார், பெட்டிகள் விமானம் ஏறும்.

தூர ஊரில் அவர் மகளுக்கு இரட்டைக் குழந்தை. ஒற்றையாளாக அல்லாடுகிறாள், வாம்மா என்று தினம் போனில் அழுகை. வேலையை விட்டுக்கொள்கிறேன் என்று அக்கா போய்க் கேட்கும்போதெல்லாம் முதலாளி, இன்னும் கொஞ்ச நாள் என்று குழைவார். இரண்டு வருஷமாக இதே பாட்டு. அக்கா சொன்னதற்காக அக்காவின் தம்பியைப் புகை அறை வேலைக்கு எடுத்தவரும் முதலாளிதான். முறைத்துக்கொண்டு கிளம்பினால் தம்பி பிழைப்பில் மண் விழும்.

ஒருநாள் அக்கா என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "நானே ஒரு தப்பு பண்ணிட்டா, அவரே என்னை அனுப்பிடுவாரு. தம்பிக்கும் ஒண்ணும் ஆகாது."

சலிப்பில் பேசுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மறுவாரம் பலகையில் ஆறு பூச்சி விழுந்தது. அக்கா பல்பைப் போடவே இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார்.

ஐந்தாம் நாள் தகவல் வந்தது. போன இடத்தில் பெட்டிக்குள் பூச்சி ஊர்ந்திருக்கிறது, சரக்கு முழுவதையும் எரித்துவிட்டார்கள். முதலாளி விறுவிறுவென்று வந்தார். அக்கா மேலங்கியைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுத் தயாராக நின்றார். முதலாளியோ அக்காவைத் தாண்டி நேராகப் புகை அறைக்குப் போனார். நேரம் முடியுமுன் கதவைத் திறந்திருக்கிறாய் என்று தம்பியைப் பிடித்துக்கொண்டார். தம்பி சத்தியம் செய்தும் எடுபடவில்லை.

அக்கா பின்னாலேயே ஓடினார். "ஐயா, தப்பு என்னோடது. சூடு காட்டிப் பாக்காம, வேணும்னே கையெழுத்துப் போட்டேன்."

முதலாளி அக்காவைப் பாவமாகப் பார்த்தார். "தம்பிக்காகப் பொய் சொல்றீங்களேம்மா. உங்க கண்ணு தப்புமா? நீங்க தட்டாத கட்டுலதான் இருந்திருக்கும்."

நானும் போய்ச் சாட்சி சொன்னேன். கல்லுளிமங்கன், காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அன்று சாயங்காலமே தம்பிக்கு வேலை போயிற்று.

ராத்திரி முழுக்க அக்கா தூங்கியிருக்க மாட்டார். மறுநாள் காலையில் வேலைக்குக் கூப்பிட அவர் வீட்டுக்குப் போனேன். தம்பி, மனைவி மக்களோடு வந்து உட்கார்ந்திருந்தான். அக்கா நடந்ததை மறுபடி சொன்னார், அழுதுகொண்டே. அவனும் நம்பவில்லை.

"எனக்காக நீ பழியை ஏத்துக்கப் பாத்தே, அது போதும்க்கா. ஒருவேளை நான்தான் கவனிக்காம முன்னாடியே திறந்துட்டேனோ என்னவோ," என்றான். "நீ மட்டும் இந்த வேலைய விட்டுடாத. இனி நாங்க அஞ்சு பேரும் உன்னைத்தான் நம்பியிருக்கோம்."

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரிப்பா," என்றார்.