பல் செட் அர்ஜுனனின் மீட்டர் கேஜ் பாதை

14.6.2022: பலகை 3, ரூ. 4,260
2.7.2022: பித்தளைப் பட்டை 54 மீட்டர், ரூ. 6,890
9.9.2022: ஸ்லீப்பர் கட்டை 1,862
27.11.2023: ஆணி 7,448
7.1.2024: வண்டி ஓடிய தூரம் 31 சென்டிமீட்டர்

இந்த வரிகள் என் நோட்டிலிருந்து எடுத்தவை. பாதை என்னுடையதல்ல, அர்ஜுனனுடையது. வேங்கிக்காலில் எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு அவருடையது. அதன் மாடி அறையில், மீட்டர் கேஜ் காலத்துத் திருவண்ணாமலை ஸ்டேஷனை ஐம்பதில் ஒரு பங்கு அளவில் அவர் கட்டியிருக்கிறார்.

அர்ஜுனன் 1961இல் பிறந்தவர். கீழ்பென்னாத்தூர் பக்கம் நான்கு ஏக்கரில் வேர்க்கடலை போட்டுவந்த சுப்பனின் மூன்றாவது மகன். பள்ளிப் படிப்பு முடிந்ததும் வேலூரில் ஒரு பல் லேபில் வேலைக்குச் சேர்ந்தார். பல் டாக்டர் எடுத்துக் கொடுக்கும் அச்சை வைத்துக்கொண்டு மெழுகில் ஈறு செய்து, பல் பதித்து, செட்டாக்கித் தருவது தொழில். 1986இல் இங்கே சொந்த லேப் வைத்தார். தெருவில் யாராவது சிரித்தால் அவர் முகத்தைப் பார்க்கமாட்டார், பல்லைத்தான் பார்ப்பார்.

"இதுவரைக்கும் பதினோராயிரத்துச் சொச்சம் செட்டு கட்டியிருக்கேன் சார்."

"சொச்சம் எவ்வளவு?" என்று கேட்டேன்.

"பல்லு போனவங்க கணக்கெல்லாம் கெஜட்ல போட மாட்டாங்க சார். விடுங்க."

ரயில் ஆசை அவருக்கு வந்தது 2022 மார்ச்சில். ரமணாசிரமம் பகுதியில் தங்கியிருந்த ஒரு வெளிநாட்டுக்காரர் உடைந்த மேல் செட்டைக் கொண்டுவந்தார். காத்திருந்த நேரத்தில், தன் வீட்டு நிலவறையில் கட்டியிருக்கும் சின்ன ரயில் பாதையைப் போனில் காட்டினார். அர்ஜுனன் அந்தப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்ததில் செட் ஒரு மணி நேரம் தாமதமாயிற்று. எல்லாம் கடையில் விற்கும் பாகங்கள் என்று அந்த மனிதர் சொன்னதும் அர்ஜுனனுக்கு அவர்மேல் கொஞ்சம் மதிப்புக் குறைந்துவிட்டது. "நாம கையால பண்ணிடலாமே" என்றார் என்னிடம். நான் நில அளவைத் துறையில் முப்பத்து நான்கு ஆண்டு இருந்து ஓய்வு பெற்றவன். யார்டு படத்தை அளவாக வரைந்து தரும் வேலை அப்படித்தான் என்னிடம் வந்தது.

வரைய எங்களிடம் இருந்தவை பதினேழு பழைய போட்டோக்களும் வேணுவின் கடிதங்களும்தான். வேணு விழுப்புரத்தில் இருக்கிறார். இந்தப் பாதையில் நீராவி எஞ்சின் ஓட்டிய டிரைவர். 2009இல் அவருக்குக் கீழ் செட் கட்டிக் கொடுத்தவர் அர்ஜுனன். காது கேட்பது மிகவும் கம்மி, போனில் பேச முடியாது. அதனால் எதைக் கேட்டாலும் கடிதம்தான். எந்த லைனுக்கு எத்தனை வண்டி கொள்ளும், தண்ணீர்க் குழாய் எந்தப் பக்கம், கூட்ஸ் லைன் எங்கே பிரிந்தது என்று நாங்கள் கேட்க, அவர் வரிசையாக எண் போட்டுப் பதில் எழுதுவார். எட்டாவது கடிதத்தின் அடியில் ஒரு வரி சேர்த்திருந்தார்: "எனக்கு எண்பத்து மூன்று வயது. அலமாரியில் நிற்கும் பொம்மையைப் பார்க்க ரயிலேறி வரமாட்டேன். ஓடினால் தேதி எழுதுங்கள், வந்து ஓட்டுகிறேன்."

அன்றிலிருந்து அர்ஜுனனுக்கு வேறு எண்ணமே இல்லை. இந்த மனிதர் வரவேண்டும், வந்து இதை ரயில் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். 26.1.2024 என்று தேதி எழுதிப் போட்டுவிட்டார்.

வேலை நன்றாகவே நடந்தது. பித்தளைப் பட்டையை நிமிர்த்தி வைத்துத் தண்டவாளம் ஆக்கினோம். தேக்குத் துண்டுகளைச் சீவி ஸ்லீப்பர். குண்டூசியின் தலையை நசுக்கி வெட்டி ஆணி. ஸ்லீப்பருக்கு நான்கு ஆணி வீதம் அடித்தோம். பெட்டியின் ஜன்னல் கம்பிகளுக்கு, பல்லுக்குக் கிளிப் போடும் கம்பி. எஞ்சின் கூண்டு, செட் செய்யும் அதே அக்ரிலிக். முதலில் அது ஈறு நிறத்தில் இருந்தது. கறுப்பு அடிக்கும் வரை அவர் மனைவி பாஞ்சாலை அதைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னாங்க இது, ரயிலு வாயத் தொறந்தா ஊரே ஓடிப்போயிடும் போல கீது!"

ஆனால் கூட்ஸ் லைனில் அடுக்கியிருக்கும் மூட்டைகள் அவர் தைத்தவை. வேர்க்கடலை மூட்டை என்று ரவை நிரப்பிய நாற்பத்தெட்டு. "மல்லாட்டை மூட்டைக்கு ரெண்டு காது வுட்டுத் தெக்கணும். இல்லன்னா எப்படித் தூக்குவான்?" என்று, விரல் நுனி அளவு மூட்டைக்கும் காது வைத்தார். மாடிக்கு வருபவர்கள் எல்லாரும் மலை எங்கே என்று கேட்பார்கள். "திரும்பிப் பாருங்க" என்பார் அர்ஜுனன். பின்னால் ஜன்னலில் மலை நிற்கும்.

7.1.2024, ஞாயிற்றுக்கிழமை காலை 10.40க்கு எஞ்சினைப் பாதையில் வைத்தோம். சுவிட்சைத் திருப்பினார். மெல்ல நகர்ந்தது. பாஞ்சாலை கைதட்ட ஆரம்பித்தார். கைதட்டு முடியும் முன் எஞ்சின் தண்டவாளத்தின்மேல் ஏறிச் சாய்ந்தது. எடுத்து மறுபடி வைத்தோம். அதே இடம். ஆறு தடவை. ஆறு தடவையும் 31 சென்டிமீட்டர்.

அர்ஜுனன் குனிந்து அந்த இடத்தையே பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "சார், இது வரைக்கும் நான் போட்டது" என்றார்.

எனக்குப் புரிந்துவிட்டது. முதல் 31 சென்டிமீட்டரை அவர் ஒரு ஜோடிச் சக்கரத்தை வைத்துப் பார்த்துப் பார்த்துப் போட்டார். மீதிப் பாதை முழுவதும், இரண்டு தண்டவாளத்துக்கும் இடைவெளி பார்க்க நான் குறித்துக் கொடுத்த பித்தளை அச்சை வைத்துப் போட்டது. மீட்டர் கேஜ் என்றால் இரண்டு தண்டவாளங்களின் உள்பக்கத்துக்கு உள்பக்கம் ஒரு மீட்டர். எங்கள் அளவில் இருபது மில்லிமீட்டர். நான் மையத்துக்கு மையம் இருபது குறித்திருந்தேன். நிலத்தில் எல்லைக் கல்லுக்கு எல்லைக் கல் அப்படித்தான் அளப்போம், கல்லின் மையத்திலிருந்து அடுத்த கல்லின் மையம். முப்பத்து நான்கு ஆண்டு அளந்த கை. தண்டவாளத்தின் கனம் 1.2 மில்லிமீட்டர். பாதை அவ்வளவு குறுகிவிட்டது. நோட்டைப் புரட்டினேன். "20 மி.மீ., மையம் முதல் மையம்" என்று தேதியோடு என் கையெழுத்தில் தெளிவாக இருந்தது.

"செட்டுன்னா மெழுகுலயே ஒரு தபா வாயில வெச்சுப் பாத்துருவேன்" என்றார் அர்ஜுனன். "இதுல பாக்கல. சர்வேயர் அளந்ததாச்சேன்னு வுட்டுட்டேன்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. நான் அன்று மதியம் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை அவரே என் வீட்டுக்கு வந்தார். முகம் தெளிவாக இருந்தது.

"ரொம்ப யோசிக்காதீங்க சார். பல் செட் இடிச்சா செட்டைத்தான் தேய்ப்போம். வாயையா தேய்ப்பாங்க? சக்கரத்தைக் கொஞ்சம் உள்ள தள்ளிட்டாப் போச்சு. பத்து நாள் வேலை. இருபத்தாறாம் தேதி வண்டி ஓடும்."

"அப்போ அது மீட்டர் கேஜ் இல்லை" என்றேன். "ஐம்பதால் பெருக்கினால் 940 மில்லிமீட்டர் வருது. அப்படி ஒரு பாதை இந்த ஊரில் இருந்ததில்லை. தப்பு என்னுது. நான் பிரிச்சுப் போடறேன்."

"நீங்க கண்ணாடி போட்டுக்கினு ஏழாயிரம் ஆணி புடுங்கறதுக்குள்ள டிரைவருக்குத் தொண்ணூறு வயசு ஆயிடும்."

அது உண்மைதான். அவர் போய் ஒரு ஜோடிச் சக்கரத்தை நெருக்கி வைத்துப் பார்த்தார். வழுக்கிக்கொண்டு ஓடியது. யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் இரண்டு நாள் கழித்தும் அடுத்த ஜோடியை அவர் தொடவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"மூணாவது லெட்டர்ல அவரு கேட்டாரு சார், கேஜ் எவ்வளவுன்னு. இருபது, கரெக்டா இருபதுன்னு எழுதிட்டேன்." சக்கரத்தைக் கையில் உருட்டினார். "எழுதினது தப்பாப் பூடுமே."

அவர் உள்ளே போனதும் பாஞ்சாலை என்னிடம், "உங்களோட சேந்து இவரும் இப்படி ஆயிட்டாரு அண்ணா" என்றார்.

10.1.2024 அன்று நடந்ததை அப்படியே வேணுவுக்கு எழுதினார். யார் தப்பு என்று எழுதவில்லை. அதை நான் அடியில் சேர்த்துக் கையெழுத்துப் போட்டேன். பதில் 19ஆம் தேதி வந்தது. "அறுபது மில்லிமீட்டர் நெருங்கிய பாதையில் நான் வண்டி எடுக்க மாட்டேன். சரிசெய்துவிட்டு எழுதுங்கள். அவுட்டர் சிக்னலில் நிற்பது எனக்குப் பழக்கம்தான். சர்வேயருக்கு என் வணக்கம்."

அர்ஜுனன் கடைசி வரியை எனக்கு இரண்டு தரம் படித்துக் காட்டினார். தேவையில்லாமல்தான்.

22.1.2024 அன்று வேலை ஆரம்பித்தது. ஒரு பக்கத் தண்டவாளத்தை மட்டும் 1.2 மில்லிமீட்டர் வெளியே தள்ளினால் போதும் என்று அவர் கண்டுபிடித்ததால் ஆணி 3,724ஆகக் குறைந்தது. அப்படிச் செய்தால் ஸ்லீப்பரின் நடுவிலிருந்து பாதை அரை மில்லிமீட்டருக்குச் சற்றே அதிகமாக விலகும் என்று நான் சொன்னேன். "கேங்மேன் ஸ்லீப்பர் போடும்போது நீங்க பக்கத்துல நிக்கல சார். நல்லவேளை" என்றார். பாதை பிரியும் நான்கு பாயின்ட்களையும் முழுவதாகப் புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது. நான் ஆணி பிடுங்கினேன், அவர் அடித்தார். ஒவ்வொரு அரை அடிக்கும் ஒரு தடவை சக்கரத்தை உருட்டிப் பார்த்தோம். கோடையில் மாடி அறையில் மதியம் நிற்க முடியாது என்பதால் காலை ஆறு முதல் எட்டு வரைதான். 30.8.2024 அன்று எஞ்சின் மூன்று பெட்டிகளோடு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்த் திரும்பியது. எங்கும் தண்டவாளத்தை விட்டு இறங்கவில்லை.

பௌர்ணமிக் கூட்டம் இல்லாத நாளாகப் பார்த்து, 13.10.2024, ஞாயிறு என்று முடிவாயிற்று. வேணு காலை வண்டியில் தனியாக வந்தார். வெள்ளைச் சட்டை, பையில் ஒரு துண்டு, ஒரு தண்ணீர் பாட்டில். மாடிப்படியை நின்று நின்று ஏறினார்.

"உக்காருங்கய்யா! காபி குடிச்சிட்டு ஓட்டலாம்!" என்று பாஞ்சாலை தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.

"ஓட்டிட்டுக் குடிக்கறேன்மா" என்றார் அவர்.

முதலில் பாதையை முழுக்கச் சுற்றிப் பார்த்தார். மூட்டையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு இடது கையைப் பலகையின்மேல் விரித்து வைத்துக்கொண்டு, வலது கையால் சுவிட்சைத் திருப்பினார். காது கேட்காதவர் எதற்குக் கையை வைத்திருக்கிறார் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. வண்டி ஓடும் அதிர்வைக் கையால் கேட்டுக்கொண்டிருந்தார். எஞ்சினைப் பெட்டியிலிருந்து கழற்றினார், கூட்ஸ் லைனில் விட்டு எடுத்தார், மறுபடி பெட்டியில் சேர்த்தார். ஒரு மணி ஐம்பது நிமிடம். பிறகு சுவிட்சை அணைத்துவிட்டுக் காபி கேட்டார். சாப்பாட்டின்போது செட் நன்றாக இருக்கிறது, முறுக்கு கூடக் கடிக்க முடிகிறது என்று சொன்னார். ரயிலைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. மாலை வண்டிக்கு ஏற்றிவிட்டு வந்தோம்.

அடுத்த பத்து நாளும் அர்ஜுனன் மாடிக்குப் போகவில்லை.

"பொம்மைன்னு நெனச்சிருப்பாரு சார். நம்ம மனசு கஷ்டப்படுமேன்னு சொல்லல."

"கையை எடுக்கவே இல்லையே அவர்" என்றேன்.

"புடிமானத்துக்கு வெச்சிருப்பாரு. வயசானவரு."

பதினொன்றாம் நாள் மதியம் தபால்காரர் கொண்டுவந்த கவரில் ஒரே தாள் இருந்தது. நலம் விசாரிப்பு இல்லை. வழக்கமான வரிசை எண்கள் மட்டும்.

"1. திருவண்ணாமலை யார்டு, 13.10.2024. பாசஞ்சர், மூன்று பெட்டி. 2. எஞ்சின் நல்ல நிலை. 3. இரண்டாவது லைனிலிருந்து மெயின் லைன் சேரும் பாயின்ட்டில் இடது பக்கம் அடிக்கிறது. மூன்று பெட்டியிலும் உணர்ந்தேன். 4. உடனே கவனிக்கவும். அதுவரை அந்த இடத்தில் வேகம் பத்து கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. வேணு, டிரைவர்."

அர்ஜுனன் நின்றபடியே படித்தார். "ரிப்போர்ட் குடுத்திருக்காரு சார்! பாதை மேல ரிப்போர்ட்!" என்று கத்தினார். பாஞ்சாலை அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தார். எதையோ குறை சொல்லி வந்த கடிதத்துக்கு இவ்வளவு சந்தோஷமா என்று அவருக்குத் திகைப்பு. அர்ஜுனன் அதற்குள் சின்ன அரத்தை எடுத்துக்கொண்டு மாடியில் இருந்தார். அந்தப் பாயின்ட்டில் தண்டவாள முனை முடி அளவு தூக்கியிருந்தது. எங்கள் கண்ணுக்கு அது தெரிந்திருக்கவில்லை.

வேணு இப்போது மாதம் ஒரு முறை ரயிலேறி வந்துவிடுகிறார். குறை இருந்தால் அங்கேயே தாளில் எழுதி அர்ஜுனன் கையில் கொடுக்கிறார். அதனால் தபாலில் வேறு எதுவும் வரவில்லை. கடைசிக் கடிதம் வந்த தேதி 24.10.2024.