பேச்சியம்மாளுக்கு ஒரு கடுதாசி

தச்சநல்லூர் தபால் ஆபீசில் போன வாரம் ஓர் உறையை ஒட்டப்போய் கையெல்லாம் பசையாக்கிக்கொண்டேன். என் கைராசி அப்படி. அந்தப் பசை வாசனைக்கு எனக்கு அண்ணன் ஞாபகம்தான் வரும். கார்கில் சண்டை நடந்தபோது அவன் பனிமலையில் இருந்தான். நாங்கள் இங்கே டி.வி. முன்னால் செய்திக்குச் செய்தி உட்கார்ந்திருந்தோம்.

பட்டாளத்துக் கடிதம் அப்பா பேருக்குத்தான் வரும். ஜவுளிக்கடை வேலை முடிந்து நான் வந்ததும் வீடே கூடிவிடும். செய்தி வாசிக்கிறவள் மாதிரி குரலை மாற்றிக்கொண்டு வாசிப்பேன், அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. மனுஷன் குண்டைப் பற்றி ஒரு வரி எழுதினதில்லை. கால்வாயில் தண்ணீர் விட்டாச்சா, நாற்றுப் பாவியாச்சா, செவலைப் பசு கன்று போட்டதா என்றுதான் கேட்பான். சாவு தலைக்கு மேல் பறக்கும்போது வீட்டு மாட்டை விசாரிக்க எப்பேர்ப்பட்ட நெஞ்சு வேண்டும்! எனக்கு அந்தப் பிரமிப்பு இன்னும் போகவில்லை.

அண்ணன் பெண்டாட்டியான மைனியைப் பற்றி மட்டும் ஒரு சொல் இருக்காது. எங்கள் பக்கம் அப்போது அப்படித்தான். பெற்றவர்கள் இருக்கிற வீட்டுக்குப் பெண்டாட்டி பேரைப் போட்டு எழுதினால் வெட்கங்கெட்டவன் என்பார்கள். புதுப்பெண்ணான மைனி அடுக்களை வாசலிலேயே நின்று, தனக்கென்று ஏதாவது வருமா என்று கடைசி வரி வரைக்கும் கேட்பாள். பிறகு உலையைப் பார்க்கப் போய்விடுவாள். பாவம்.

ஒருநாள் வந்த கடிதத்தின் மேல் ‘பேச்சியம்மாளுக்கு’ என்றிருந்தது. அது மைனி பேர். சந்தோஷப்பட வேண்டியதுதானே? அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“ஏட்டி, எம்புள்ள இப்படி எழுதுதவன் இல்ல. வெக்கத்த விட்டு அவ பேரப் போட்டிருக்கான்னா, போயிட்டு வாரேம்னு சொல்லுதான்.”

எங்களுக்கும் அப்படித்தான் பட்டது. பிரிக்க எனக்குக் கை வரவில்லை. அப்பாதான் பைய எழுந்துபோய் அதை மைனியிடம் நீட்டினார்.

“ஒனக்கு வந்தது. நீயே பாரு தாயி.”

மைனி உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் சத்தம் வந்தது. அழுகை என்றுதான் முதலில் நினைத்தோம். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள், வாய்விட்டு.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து சொன்னாள்: “நல்லாருக்காவளாம், அத்த. கூட இருக்கவங்கள்லாம் பொண்டாட்டிக்கு எழுதுதாங்களாம். நீ மட்டும் என்னலே மாட்டுக்கு எழுதுதன்னு கேலி பண்ணுதாங்களாம்.”

அம்மா அழுதபடியே சிரித்தாள். “இனிமே அவளுக்கு வாறத அவளே பிரிக்கட்டும்” என்று தீர்ப்பும் சொன்னாள். மிச்சம் என்ன எழுதியிருந்தான் என்று மைனி சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. அண்ணன் ஊர் திரும்புகிறவரை வீட்டுக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று என்று வந்துகொண்டிருந்தது.

இப்போது அவர்கள் மகன் அதே மலையில் காவல் நிற்கிறான். சிக்னல் கிடைக்கும்போது வீடியோ காலில் வருவான். போன் ஒவ்வொரு கையாக மாறி, கடைசியில் அவனுடைய பெண்டாட்டியிடம் வரும். நாங்கள் எல்லோரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்போம். “சாப்பிட்டியளா?” என்பாள். அதற்குள் சிக்னல் போய்விடும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தப் பிள்ளை மைனியைப் போல ஒருநாள் தனியாகச் சிரித்து நான் கேட்டதில்லை.