உச்சிக்கு ஒரு முழம் கீழே

பொறியியல் மூன்றாம் ஆண்டு முடிந்த கையோடு அவள் கேளிக்கைப் பூங்காவில் ஆறு வாரப் பயிற்சிக்குச் சேர்ந்தாள். கடைசியில் பராமரிப்பு இன்ஜினியர் அவளுடைய பயிற்சி நோட்டில் கையெழுத்துப் போட்டால், படிப்பு முடிந்ததும் அங்கேயே வேலை. "இவ்வளவு படிச்சுட்டு ராட்டினம் சுத்தப் போறியாக்கும்" என்று சித்தி கிண்டலடித்தாள். ராட்டினம் என்ற பேச்சு வந்ததும் அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். சின்ன வயதில் அவளை முதன்முதலாக ராட்டினத்தில் ஏற்றி, பயந்து அழுதவளை இறுக்கிப் பிடித்துக்கொண்ட அண்ணன் இறந்து இன்னும் வருஷம் திரும்பவில்லை.

தினமும் கூட்டத்தை உள்ளே விடுமுன், ரோலர் கோஸ்டர் ரயிலின் இருக்கைகளில் பிளாஸ்டிக் பொம்மைகளை உட்காரவைத்து, ஆள் கனத்துக்குத் தண்ணீர் நிரப்பி, ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பார்கள். நிரப்புவது அவள் வேலை. ஐந்தாம் வாரத்தில் ஒரு நாள், விறைக்கும் குளிர். ஃபிட்டர் முந்தின நாள்தான் புதுச் சக்கரங்கள் மாட்டியிருந்தார். புதுசுக்குப் பாரம் குறைந்தால் நல்லதுதானே என்று, யாரையும் கேட்காமல், பொம்மைகளில் தண்ணீரைப் பாதியோடு நிறுத்திவிட்டாள்.

முதல் மேட்டை ரயில் தாண்டியது. இரண்டாவதில், உச்சிக்கு ஒரு முழம் இருக்கும்போது, தயங்கி நின்றது. பிறகு பின்னோக்கி வழுக்கிப் பள்ளத்தில் இறங்கி, எதிர்ச்சரிவில் ஏறி, மறுபடி இறங்கியது. அத்தனை டன் இரும்பு, யாரும் தொடாமல், தொட்டில் மாதிரி ஆடியது. ஒவ்வொரு ஆட்டமும் கொஞ்சம் குறைந்தது. கடைசியில் ஆக அடியில் போய் அசையாமல் நின்றது.

பரீட்சையில் நாலு வரியில் எழுதி முழு மதிப்பெண் வாங்கிய கணக்கு அவள் கண்ணெதிரே ஆடி ஓய்ந்திருந்தது. கனம் குறைந்த ரயிலுக்குக் காற்றையும், குளிரில் இறுகிய புதுச் சக்கரங்களின் உராய்வையும் முட்டித் தள்ள வலு போதவில்லை.

இன்ஜினியர் ஃபிட்டரைப் பிடிபிடியென்று பிடித்தார். அவள் நடுவில் புகுந்தாள்.

"சார், சக்கரத்துல தப்பில்ல. நான்தான் தண்ணியப் பாதியோட நிறுத்துனேன்."

"ஏம்மா, பொம்மைக்கெல்லாம் டயட்டா?"

யாரும் சிரிக்கவில்லை. இன்ஜினியர் நடந்ததை அவளுடைய நோட்டில் எழுதச் சொன்னார். காரணத்தோடு எழுதினாள். வின்ச் வைத்துக் கம்பியால் இழுத்து ரயிலை மீட்க மூன்று மணி நேரமானது. அதற்குள் அவர் அந்தப் பக்கத்தை இரண்டு தரம் படித்துவிட்டு, அதன் கீழேயே கையெழுத்துப் போட்டார். "அடுத்த வருஷம் வேலைக்கு வந்தாலும் ரொப்புறது நீதான்" என்றார்.

மதியம் பொம்மைகளை முழுக்க நிரப்பினாள். அதே ரயில் இரண்டாவது மேட்டை அப்படி ஒன்று இருப்பதாகவே காட்டிக்கொள்ளாமல் கடந்து போனது. அவள் அண்ணாந்து பார்த்தபடியே நின்றாள்.