எரியாத ஒன்பதாவது விளக்கு

சின்னண்ணனின் மனைவிக்கு 'சந்தேகம்' என்று பட்டப்பெயர் வைத்தது நான்தான். சந்தேகம் அண்ணி. அடுப்பை அணைத்த பிறகும் குனிந்து பார்ப்பார். பூட்டிய கதவை இழுத்துப் பார்ப்பார். நான் நன்றாக இருக்கிறேன் என்று சொன்னால்கூட முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் நம்புவார். எனக்கு எரிச்சலாக வரும். அந்த எரிச்சலில் வைத்த பெயரை இப்போது திரும்ப எடுத்துக்கொள்ள முடியவில்லை. தெருவே அப்படித்தான் கூப்பிடுகிறது.

அண்ணி எங்கள் மலையூரின் நீரேற்று நிலையத்தில் பம்ப் ஆபரேட்டர். அங்கே ஆள் உயரத்துக்கு ஒரு பேனல், அதில் இருபத்து நான்கு எச்சரிக்கை விளக்குகள். எல்லாம் ஒழுங்காக ஓடினால் ஒன்றும் எரியாது. மூலையில் ஒரு சோதனைப் பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் இருபத்து நான்கும் சேர்ந்து எரிய வேண்டும். எது எரியவில்லையோ, அது செத்த விளக்கு. மற்றவர்கள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டதும் டீ குடிக்கப் போவார்கள். அண்ணி பொத்தானை அழுத்தி எண்ணுவார்.

வேலையில் சேர்ந்த ஐந்தாவது மாதம் பதினேழாவது விளக்கு எரியவில்லை. குறிப்பேட்டில் எழுதினார். யாரும் கண்டுகொள்ளவில்லை. மறுநாளும் எழுதினார், அதற்கு மறுநாளும். நாற்பது நாள் விடவில்லை. சூப்பர்வைசருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்து, 'தேவையற்ற குறிப்புகளால் பதிவேட்டை நிரப்புவது ஏன்?' என்று மெமோ கொடுத்தார். அண்ணி ஒரே வரியில் பதில் எழுதினார்: 'பதினேழாவது விளக்கு இன்றும் எரியவில்லை.' தொல்லை தாங்காமல் பல்பை மாற்றினார்கள். மாற்றிய பல்பு எரிந்தது, பிறகு அணையவே இல்லை. அது சூட்டைக் காட்டவேண்டிய மூன்றாவது மோட்டார் எத்தனையோ நாளாக உள்ளுக்குள் கொதித்துக்கொண்டிருந்திருக்கிறது. நன்றி என்று ஒரு வார்த்தை யாரும் சொல்லவில்லை. அந்த மெமோவை அண்ணி பீரோ கதவின் உட்புறம் ஒட்டிவைத்திருக்கிறார்.

இனி கார். குடும்பத்துக்கே ஒரே கார், பெரியண்ணன் வாங்கிய பழைய வண்டி. ஆகவே அதைப் பொறுத்தவரை அவர் சொல்வதுதான் சட்டம். போன மாதம் டாஷ்போர்டில் சிவப்பும் மஞ்சளுமாக மூன்று விளக்குகள் எரிந்தபடியே இருந்தன. அண்ணன் தன் சிநேகிதரான ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோய் விட்டார். கைராசிக்காரர் என்று பெயர் எடுத்தவர். ஒரு மணி நேரத்தில் திருப்பிக் கொடுத்தார். ஒரு விளக்கும் எரியவில்லை. வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. விளக்கு போனால் வியாதி போயிற்று என்று நம்பிய கூட்டத்தில் படித்த முட்டாள் நானும் ஒருத்தி.

மறுநாள் எனக்கு வேலையில் சேரும் நாள். மலைக்குக் கீழே, நகரத்தில், நில அளவை அலுவலகம். நான்கு வருடம் காத்திருந்து வாங்கிய ஆணை. பத்து மணிக்குள் வந்து சேராவிட்டால் ரத்தாகலாம் என்று அதிலேயே அச்சடித்திருந்தது. சின்னண்ணன் காலை ஷிப்டுக்குப் போய்விட்டார். பெரியண்ணன் ஓட்ட, அம்மா, நான், அண்ணி, அண்ணியின் ஐந்து வயது மகள் எல்லோரும் கிளம்பினோம். பெரியண்ணன் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்த இடைவெளியில் அண்ணி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து சாவியைப் பாதி திருப்பினார். வெளியே வந்த அண்ணனிடம் கேட்டார்:

"மாமா, எட்டுதான் எரியுது. ஒன்னு எங்க?"

"எட்டா? என்னம்மா எட்டு?"

"சாவியைப் பாதி திருப்பினா எல்லா விளக்கும் ஒரு தரம் எரியணும். போன மாசம் எண்ணினேன், ஒன்பது இருந்துச்சு. இப்ப பிரேக் விளக்கைக் காணோம். ஹேண்ட்பிரேக் வேற போட்டிருக்கு, அது எரிஞ்சே ஆகணும்."

அண்ணன் சிரித்துவிட்டார். "எரியலன்னா கோளாறு இல்லன்னுதானே அர்த்தம்? இது உன் பம்ப் ஹவுஸ் இல்லம்மா. இறங்கு, நேரமாச்சு."

அண்ணி இறங்கினார். ஆனால் பானட்டைத் திறக்கத்தான் இறங்கினார். பிரேக் எண்ணெய் இருக்கும் வெள்ளை டப்பாவில் எண்ணெய் கீழ்க்கோட்டுக்கும் கீழே கிடந்தது. பிறகு தரையில் மண்டியிட்டு, இடது பின் சக்கரத்தின் உட்பக்கம் விரலால் தடவி, பிசுபிசுத்த விரலை அண்ணன் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"கொஞ்சம் எண்ணெய் ஊத்திட்டா போச்சு. இதுக்கா இவ்வளவு கூத்து?" என்றார் அண்ணன்.

"ஊத்துங்க. ஏற்கெனவே இருந்தது எங்க போச்சு மாமா? அதை விளக்கு காட்டிக்கொடுத்துடக் கூடாதுன்னுதான் உங்க கைராசி பல்பைப் பிடுங்கி வச்சிருக்காரு."

"பெரியவன் சொல்லிட்டான்ல, அதுக்கு மேல என்ன பேச்சு?" என்று அம்மா காருக்குள்ளிருந்து அதட்டினாள். அண்ணி பின்கதவைத் திறந்து மகளைத் தூக்கி வெளியே நிறுத்தினார். சாவியை உருவித் தன் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினார்.

மலையிலிருந்து கீழே இறங்க முப்பத்திரண்டு வளைவுகள். அது எனக்குத் தெரியும். ஆனால் அப்போது என் கண்ணுக்குத் தெரிந்தது கடிகாரம் மட்டும்தான். எட்டு இருபது.

"அண்ணி, என் வேலை போச்சுன்னா இந்த ஜென்மத்துல உங்ககூடப் பேச மாட்டேன்!" என்று கத்தினேன்.

"பேசாத. உயிரோட இருந்து எம்மேல கோபமா இரு. எத்தனை வருஷம் வேணாலும் இரு. இப்ப வா, எட்டரை பஸ்ஸைப் பிடிக்கணும்."

காரிலிருந்து இறங்கிய அம்மாவின் கையில் மகளைப் பிடித்துக் கொடுத்துவிட்டு, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார். இருபத்தைந்து வயதுப் பெண்ணை, தெரு முழுக்கப் பார்க்க. எனக்கு அழுகை அழுகையாக வந்தது.

பஸ்ஸில் நிற்கத்தான் இடம் கிடைத்தது. பதினோராவது வளைவில் என் போன் அடித்தது. அம்மா. அண்ணனிடம் மாற்றுச் சாவி இருந்ததை நாங்கள் மறந்துபோயிருந்தோம். வண்டிக்கு ஒன்றும் இல்லை என்று தெருவுக்கே காட்டப்போகிறேன் என்று தனியாக ஏறி ஓட்டியிருக்கிறார். தெருமுனையில் மிதித்த பிரேக் தரையோடு தரையாகப் போய்விட்டது. கார் முனைவீட்டு மதிலில் போய் முட்டி நின்றது.

"அண்ணிகிட்ட போனைக் குடு" என்றாள் அம்மா. எங்கள் வீட்டுக்கு அண்ணி வந்த ஏழு வருடத்தில் அம்மா இப்படிக் கேட்டது அதுதான் முதல் தரம்.

"மாமாவுக்கு அடி இல்லையே அத்தை?" என்று கேட்டார் அண்ணி. அம்மா சொன்னதைக் கேட்டுக்கொண்டார். போனைத் திருப்பித் தந்தபடி சொன்னார்: "முட்டின வேகத்துல காருக்குள்ள இருக்கிற சிகரெட் சாம்பல் தட்டு திறந்துகிச்சாம். உள்ள இருந்து சின்னதா ஒரு பல்பு உருண்டு விழுந்துச்சாம்."

நான் ஜன்னல் வழியே கீழே பார்த்தேன். அடுத்த வளைவும் அதற்கடுத்த வளைவும் தெரிந்தன, ஓரத்தில் இடுப்பு உயரம்கூட இல்லாத கட்டைச்சுவரோடு.  அண்ணியின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டேன்.

"கோபம் போச்சா? அதுக்குள்ளயா?" என்றார்.

அலுவலகத்தை அடைந்தபோது மணி பத்து இருபத்தைந்து. அதிகாரி என்னைப் பார்க்காமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "முதல் நாளே இப்படின்னா எப்படிம்மா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி முன்னால் வந்துவிட்டார். "பிரேக் இல்லாத வண்டியில வந்திருந்தா சீக்கிரமாவே போய்ச் சேர்ந்திருப்பா சார். ஆனா இந்த ஆபீசுக்கு இல்ல."

அதிகாரி வருகைப் பதிவேட்டை என் பக்கம் தள்ளினார். கையெழுத்துப் போட விட்டார். ஆனாலும் அதிகாரி அல்லவா, தாமதத்துக்கு விளக்கம் கேட்டு ஒரு மெமோவையும் கையில் திணித்தார். அதை அண்ணியிடம் காட்டினேன். வரிவரியாகப் படித்தார். திடீரென்று வராந்தா அதிரச் சிரித்தார்.

"முதல் நாளேவாடி? எனக்கே ஆறு மாசம் ஆச்சு!"

அண்ணியின் பேனாவையே வாங்கி, அந்த வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே வரியில் பதில் எழுதினேன்: 'எங்கள் காரில் ஒன்பதாவது விளக்கு எரியவில்லை.'