நான் பதிவு செய்யாத குரல்

ஒரு மனிதரின் குரலை நான் தொலைத்துவிட்டேன். அதை மீட்க நேரமிருந்தும் வாயைத் திறக்கவில்லை. பிறகு பொய்யும் சொன்னேன். உங்களிடம்தான் இதை முதன்முதலாகச் சொல்கிறேன்.

நான் ஏற்காட்டில் பாட்டு டீச்சர். தேவாலயப் பாடகர் குழுவைக் கைபேசியில் பதிவு செய்ய ஒரு சின்ன ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கினேன். சோப்புப் பெட்டி அளவுதான் இருக்கும். மைக்கை அதில் செருகி, அதைக் கைபேசியோடு இணைத்தால் குரல் துல்லியமாக விழும். அது கைக்கு வந்த நாளிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை!

பக்கத்துக் கிராமமான கொட்டச்சேட்டில் ராசண்ணன் இருக்கிறார். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி செல்லம்மக்காவுக்குக் கண்பார்வை கிடையாது. ராசண்ணனுக்குத் தொண்டையில் புற்று; குரல்வளையையே எடுத்தாக வேண்டும் என்றார்கள். யோசித்துப் பாருங்கள்... அவரால் இனிப் பேச முடியாது. எழுதிக் காட்டினால் அக்காவால் படிக்க முடியாது.

"ஃபோன்லயே நாலு வார்த்தை புடிச்சு வச்சுக்கறமுங்க டீச்சர்" என்றார் அக்கா.

நான் சிரித்தேன். "ஃபோன்ல புடிச்சா பாத்திரம் உருள்ற சத்தந்தான் கேக்குங்க. இருங்க, என் மிஷினைக் கொண்டாறேன்."

மிஷினைக் காட்டிக்கொள்ள அவ்வளவு ஆசை எனக்கு! மழை, பள்ளிக்கூடம் என்று நாளைக் கடத்தி, ராசண்ணன் ஆபரேஷனுக்காகச் சேலத்துக்குப் புறப்படுவதற்கு முந்தின நாள் மதியம்தான் போனேன்.

சொல்ல வேண்டியதையெல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார். "செல்லம், படி ஈரமா இருக்குது, செவுத்தப் புடிச்சுட்டு வா." "காப்பி நொம்பச் சுடுது, ஆத்திக் குடி." "நான் இங்கதான் இருக்கறன்." வலியோடு, நிறுத்தி நிறுத்திப் பேசினார். நான் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, பெரிய நிபுணர் போலக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க டீச்சர், ஒருக்கா போட்டுக் கேக்கலாமுங்களா?" என்றார் முடிந்ததும்.

"அதெல்லாம் அம்சமா விழுந்திருக்குங்கண்ணா" என்று சொல்லிவிட்டுப் பையை மூடினேன்.

சாயங்காலம் வீட்டில் திறந்து பார்த்தால்... ஒன்றுமே இல்லை! பெட்டியில் மைக் செருக இரண்டு துளைகள்; நான் முதல் துளையில் செருகியிருந்தேன். கைபேசியோ, ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழுவுக்காக நான் வைத்திருந்தபடி, இரண்டாம் துளையைப் பதிவு செய்திருந்தது. கைபேசியில் விழாவிட்டாலும் பெட்டியிலிருந்து நேராக ஹெட்ஃபோனுக்குச் சத்தம் வந்துவிடும். இது எனக்குத் தெரியாததா? ஒருமுறை கண்ணைத் திறந்து திரையைப் பார்த்திருந்தால் போதுமே!

அது தவறு. தவறு யாருக்கும் நேரும். நான் சொல்ல வந்தது அடுத்ததை.

மறுநாள் காலை பஸ் நிறுத்தத்துக்குப் போனேன். உண்மையைச் சொல்லத்தான் போனேன் என்று சத்தியம் செய்ய முடியுமா? தெரியவில்லை. ராசண்ணன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். என் கையில் கைபேசி இருந்தது. ஒரே ஒரு நிமிடம், வெறும் கைபேசியிலாவது பிடித்திருக்கலாம்... ஆனால் அதைத்தானே நான் கேலி செய்திருந்தேன்!

"டீச்சர், பத்திரமா வச்சிருங்க" என்றார்.

தலையாட்டினேன். பஸ் போய்விட்டது.

அவர் திரும்பி வந்ததும் சொன்னேன்: "ஃபோன் கெட்டுப் போச்சுங்க, எல்லாம் அழிஞ்சிருச்சு." அவர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். 'பரவால்லீங்க, நீங்க என்ன பண்ணுவீங்க.' அதை அக்காவுக்கு நான்தான் வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது. வாசித்தேன்! எப்படி முடிந்தது என்று என்னைக் கேட்காதீர்கள்.

போன வாரம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "டீச்சர், அன்னைக்கு நீங்க காதுல மாட்டிக் கேட்டீங்களே... 'நான் இங்கதான் இருக்கறன்'னு எப்படிச் சொன்னாரு? அதே மாதிரி ஒருக்கா சொல்லுங்க."

ராசண்ணன் பக்கத்திலேயே உட்கார்ந்து என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சொன்னேன்.

"இல்லீங்க டீச்சர்" என்று தலையசைத்தார் அக்கா. "அப்படி இருக்காதுங்க. இன்னொருக்கா சொல்லுங்க."

மறுபடியும் சொன்னேன். அதற்கும் இல்லை என்றார். சொல்லிக்கொண்டே இருந்தேன்... உண்மையைத் தவிர.